முதலாளி ஓட்டிய கார்

கார் வாங்கப் போகிறவர்கள் காரைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எமகண்டம் முடிந்துவிட்டது, ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, எல்லாம் சரிதான். ஆனால் புதன்கிழமை வடக்கே சூலம். வண்டியை விரட்டிப் பார்க்க ஏற்ற பெங்களூர் நெடுஞ்சாலையோ ஊருக்கு வடக்கே இருக்கிறது. சூலத்துக்குப் பரிகாரம் பால் என்று வீட்டு எஜமானி காமாட்சியம்மாள் உள்ளே போய் ஆளுக்கொரு டம்ளர் பால் கொண்டுவந்தாள். சென்னையிலிருந்து காரை ஓட்டிவந்த தரகர் சிட்டிபாபு, எதற்கென்று தெரியாமலே இரண்டு டம்ளர் குடித்தார்.

உமாபதி தன் பங்குப் பாலைக் குடித்துவிட்டு, வழக்கம்போல அம்பாசிடர் மேல் சாய்ந்து நின்றார். காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் மாணிக்கவாசகத்திடம் இருபது வருஷத்துக்கு மேலாக அவர் டிரைவர். அந்த இருபது வருஷத்தில் பாதியை அவர் ஓட்டியிருப்பார், பாதியை இப்படி எதன் மேலாவது சாய்ந்து நின்றுதான் கழித்திருப்பார். டிரைவர் வேலை என்றால் வண்டி ஓட்டுவது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கல்யாண மண்டப வாசலில் காத்திருப்பதுதான் வேலை. நடுவில் கொஞ்சம் ஓட்டவும் சொல்வார்கள்.

பிள்ளையார்பாளையத்துத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது அந்த அமெரிக்கக் கார். மஞ்சள் நிறம். நெற்றியிலிருந்து முதுகு வரை இரண்டு கறுப்புப் பட்டை. உடம்பு அத்தனை பெரிது, கதவு இரண்டே இரண்டு. வயிறு தரையைத் தொட்டுவிடுகிற மாதிரி தாழ்ந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு டாக்டர் கப்பலில் கூடவே கொண்டுவந்தாராம். ஆறு மாதம் நம் ரோடுகளில் ஓட்டிப் பார்த்ததில் மனுஷனுக்கு வெறுத்துவிட்டதாம்.

"மசில் கார்னு சொல்வாங்க உமாபதிண்ணா. எட்டு சிலிண்டர்" என்றான் தினேஷ். முதலாளியின் மகன். இந்தக் காரை இன்டர்நெட்டில் தேடிக் கண்டுபிடித்தவன் அவன்தான். கடைக்கு ஏற்றதா, குடும்பத்துக்கு ஏற்றதா என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. அவனுக்கு வயது இருபத்தாறு.

"நல்லா இருக்குது தம்பி" என்றார் உமாபதி. மனதில் இருந்தது வேறு. இதில் காமாட்சியம்மாள் பட்டுப்புடவையோடு பின்சீட்டுக்கு எப்படி ஏறுவார்? செவிலிமேட்டு வேகத்தடையை இது எப்படித் தாண்டும்? ஆனால் அதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை. இந்தக் காரை இன்றைக்கு முதலாளிக்குப் பிடித்தாக வேண்டும். உமாபதியின் விடுதலையே அதில்தான் இருந்தது.

போன ஐப்பசியில் முதலாளி வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்காக அவர் சென்னையில் மண்டப வாசலில் காத்திருந்தபோது, செவிலிமேட்டு வீட்டில் அவர் மனைவி பூவம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபின் வீட்டில் அவள் மட்டும்தான். இடுப்பெலும்பில் விரிசல் விட்டு, கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லாமல், பொழுது சாயும்வரை அந்த ஈரத்திலேயே கிடந்தாள். உமாபதி அன்று மண்டபத்தில் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டு, வண்டிக்குள் ஒரு தூக்கமும் போட்டார். அந்தத் தூக்கத்தை இன்றுவரை அவரால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். உமாபதி முதலாளியிடம் போய், "என்ன வுட்டுருங்க மொதலாளி, வூட்டோட இருக்கணும்" என்று கேட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் பார்த்தார். "அடுத்த காரு வரட்டும்பா. அத தினேஷ் ஓட்டுவான். அம்பாசிடர நீயே எடுத்துக்க. உள்ளூர்லயே வாடக ஓட்டிக்கினு நிம்மதியா இரு" என்றார். அதோடு அவர் மறந்துபோனார். உமாபதி மறக்கவில்லை. ஒவ்வொரு கார் பார்க்கும்போதும் முதலாளி ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினார். நிறம் சரியில்லை, நம்பர் கூட்டினால் எட்டு வருகிறது, தும்மல் கேட்டது. முதலாளிக்குச் சலிக்கவில்லை, உமாபதிக்குச் சலித்து அடித்துப்போட்டது போலாகிவிட்டது.

காமாட்சியம்மாள் காரின் முகப்பில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். "இன்னும் பேசி முடிக்கலியேம்மா, சும்மா ஓட்டிப் பாக்கத்தானே" என்றார் சிட்டிபாபு. "வாசல்ல வந்த வண்டிய பூஜ போடாம எப்டிப்பா எடுக்கறது?" என்று அவள் கற்பூரத்தை ஏற்றினாள். சிட்டிபாபு கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொட்டு வைத்த வண்டியைத் திருப்பி அனுப்ப இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது என்று அவருக்குத் தெரியும்.

தினேஷ் சாவிக்குக் கை நீட்டினான். முதலாளி தடுத்தார்.

"மொதல்ல உமாபதி. கைராசி."

அந்த வீட்டில் எந்த வண்டி வந்தாலும் முதலில் உமாபதி கைதான் பட வேண்டும். தினேஷின் பைக், கடைக்கு வாங்கிய டெம்போ, எல்லாவற்றையும் அவர்தான் முதலில் நகர்த்தினார். கைராசிக்காரன் என்று பேரெடுத்தது அந்தக் காலத்தில் பெருமையாக இருந்தது. இப்போது அதுவும் காலில் கட்டிய கயிறாகத்தான் தெரிந்தது.

கதவைத் திறந்து உட்காரப் போனவர் விழித்தார். ஸ்டீரிங் இல்லை. அது இடது பக்கத்தில் இருந்தது.

"அமெரிக்காவுல அப்டித்தான்ணா" என்று தினேஷ் சிரித்துக்கொண்டே பின்சீட்டுக்குள் மடங்கிப் புகுந்தான். உமாபதி சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினார். வலது பக்கம் முதலாளி ஏறினார். இத்தனை வருஷமும் பின்சீட்டில் சாய்ந்து தூங்கியே ஊர் ஊராகப் போனவர், முதன்முதலாக முன்னால் உட்கார்ந்தார். சிட்டிபாபு, தான் இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். காமாட்சியம்மாள் வீட்டில் டிபன் வாசனை வந்துகொண்டிருந்தது.

சாவியைத் திருப்பியதும் கார் அடித்தொண்டையில் உறுமியது. எதிர்வீட்டுத் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. உமாபதியின் இடதுகால் பழக்கத்தில் கிளட்சைத் தேடியது. கிளட்சே இல்லை. கியர்க் கம்பியை இழுத்துப் பிரேக்கை விட்டால் தானாக நகர்கிறது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தேய்ந்துபோன அந்த இடது முட்டி, வேலையில்லாமல் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. நல்ல வண்டிதான் போலிருக்கிறதே என்று அவரே நினைத்தார்.

தெருமுனையில் நிற்க வேண்டியதாயிற்று. நெசவுக்காரர்கள் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டி இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவு தெருவில் இருந்தால் அது முடிகிறவரை மந்திரி வந்தாலும் நிற்க வேண்டியதுதான். ஹாரனும் அடிக்கக்கூடாது. உமாபதி நிறுத்தினார். முதலாளி காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கினார்.

பாவோரம் நின்ற வேலாயுதம், முதலாளிக்குச் சேலை நெய்து கொடுக்கிறவர், குனிந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

"மொதலாளி! நீங்களா ஓட்டறீங்க? எப்போ கத்துக்கினீங்க?"

வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் ஓட்டுகிறார் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். உயரம் குறைந்த வண்டி, ஸ்டீரிங்கும் வெளியே தெரியவில்லை. முதலாளி, "இல்லப்பா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் நாலு பேர் வந்துவிட்டார்கள். "பாருடா, இந்த வயசுல!" என்றது ஒரு குரல். முதலாளி ஆரம்பித்ததை முடிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு லேசாகச் சிரித்தார்.

உமாபதிக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. முதலாளிக்கு இந்தச் சிரிப்பு வந்தால் சரி. கார் விலை போனால் சரி.

பாவு நகர்ந்து வழி கிடைத்தது. காந்தி ரோட்டில் முதலாளி கண்ணாடியை ஏற்றவே இல்லை. முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். பூக்கடைக்காரி, காபிக்கடை வாசலில் நின்றவர்கள், எதிர்க்கடைப் பட்டு வியாபாரி, எல்லாரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள், கை காட்டினார்கள். "சூப்பரு மொதலாளி!" என்றான் ஒரு ஷேர் ஆட்டோக்காரன். பின்சீட்டில் முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருந்த தினேஷ், "நைனா, ஸ்டீரிங் இல்லாமயே செமயா ஓட்டற" என்றான். முதலாளி திரும்பி முறைத்தார்.

உமாபதி ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கோணலாக ஏற்றி இறக்கினார். வயிறு தட்டவில்லை. சிக்னல் போடப் போனால் வைப்பர் ஆடியது. "பிரேக்கு நல்லா புடிக்குது மொதலாளி" என்றார். "சீட்டு மெத்து மெத்துன்னு இருக்குது." சிட்டிபாபுவே இவ்வளவு பேசியிருக்க மாட்டார்.

ஊர் தாண்டி வெள்ளைகேட் போகிற ரோட்டில் ஒரு மணல் லாரி முன்னால் ஊர்ந்தது. அங்கேதான் உமாபதிக்கு நிலைமை புரிந்தது. இடது பக்கம் உட்கார்ந்தால் எதிரே வருவது எதுவும் தெரியாது. லாரியின் பின்பலகையும் ஒழுகுகிற தண்ணீரும்தான் தெரியும்.

"மொதலாளி, எதிர்ல வண்டி வருதா பாருங்க."

"வரலப்பா, போ."

உமாபதி வெளியே எடுத்தார். எதிரே ஒரு பஸ், விளக்கைப் போட்டு அலறிக்கொண்டு வந்தது. முதலாளி ஒரு பெட்டிக்கடைக்காரனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். உமாபதி எப்படித் திருப்பினாரோ, பிரேக்கை எப்படி அமுக்கினாரோ, கார் லாரிக்குப் பின்னால் வந்து குலுங்கியது. பஸ் காற்று முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று.

"ரோட்டப் பாருங்க மொதலாளி!" என்று கத்தினார் உமாபதி.

முதலாளியிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல்முறை. போச்சு, காரும் போச்சு, அம்பாசிடரும் போச்சு என்று நினைத்தார். முதலாளி கோபப்படவில்லை. வேர்த்துப்போன முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"உமாபதி, இத்தினி வருசமா ஒவ்வொரு லாரிக்கும் நீ இப்டித்தான் பாத்துக்கினு வந்தியா?"

"ஆமா மொதலாளி."

"நான் பின்னால தூங்கிக்கினு இருந்தேன்."

உமாபதி இடைவெளி விட்டு லாரிக்குப் பின்னாலேயே ஓட்டினார்.

அப்புறம் முதலாளி கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி சிரத்தையாகப் பார்த்தார். "இரு... ஒரு வேன் வருது... இரு... இப்போ போ!" உமாபதி அமுக்கினார். எட்டு சிலிண்டரும் ஒன்றாகப் பாய்ந்தன. மணல் லாரி என்று ஒன்று இருந்ததா என்றே தெரியவில்லை.

நெடுஞ்சாலையில் முசரவாக்கத்தை ஒட்டி வண்டி பறந்தது. முள் அறுபதில் நின்றது. "அறுவதா? நம்ம அம்பாசிடரே போகுமேப்பா" என்றார் முதலாளி. "அது மைலு நைனா. நூறு கிலோமீட்டர்" என்றான் தினேஷ். உமாபதியால் நம்ப முடியவில்லை. ஆட்டமில்லை, நடுக்கமில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை ஓர் அலுப்பு வந்து மூடியது. இந்த வேகம் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால், கல்யாணம் முடிந்ததும் சென்னையிலிருந்து பொழுதோடு வீடு வந்திருக்கலாம். அவள் அந்த ஈரத்தில் அத்தனை நேரம் கிடந்திருக்க வேண்டாம். இப்போது வந்து என்ன?

திரும்பும்போது தினேஷ் ஓட்டினான். கொஞ்ச தூரம்தான். அவன் அமுக்கிய அமுக்கில் முதலாளி இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துடா! நிறுத்துடா!" என்று கூவினார். ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார்கள். தினேஷ் முறைத்துக்கொண்டு போனில் யாரிடமோ பேசப் போனான். முதலாளி டீயை ஊதிக்கொண்டே உமாபதியின் தோளில் கை போட்டார். அதுவும் முதல்முறைதான்.

"வண்டிய முடிச்சுரலாம்பா."

உமாபதிக்கு நெஞ்சு குளிர்ந்தது. "சந்தோசம் மொதலாளி" என்றார்.

"ஆனா நீ போவக்கூடாது."

உமாபதி டீ டம்ளரைப் பிடித்தபடி நின்றார்.

"அவன் கையில குடுத்தா நான் ஒரு மாசம் தாங்க மாட்டேன். நீ ஓட்டு, நான் பாக்கறேன். பின்னால உக்காந்து தூங்கற பொழப்பு போதும். இனிமே உன் பக்கத்துலதான். கிளட்சும் இல்ல, உன் முட்டிக்கும் நல்லது, இல்லியா? சம்பளத்த ஏத்திக் குடுக்கறேன்."

பாசமாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். தோளில் கை போட்டுக் கேட்கிறவரிடம் என்ன பேசுவது? காலையிலிருந்து இந்தக் காரை விற்பதற்காகத் தான் பட்ட பாடெல்லாம் தன் கழுத்துக்கே வந்துவிட்டதே என்று உமாபதிக்கு அழுகை அழுகையாக வந்தது. "சரி மொதலாளி" என்றுதான் வாயில் வந்தது. இருபது வருஷப் பழக்கம்.

மறுபடி உமாபதிதான் ஓட்டினார். ஊருக்குள் நுழைந்ததும் முதலாளிக்கு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது. கண்ணாடி இறங்கியது, முழங்கை வெளியே போயிற்று. காந்தி ரோட்டை ஒருமுறை சுற்றியும் ஆசை தீரவில்லை. "அப்டியே செவிலிமேடு பக்கமும் ஒரு ரவுண்டு வுடு. உன் வூட்டுல பூவம்மா பாக்கட்டும்" என்றார். ராகுகாலம் தொடங்கிவிட்டதையே அவர் மறந்துவிட்டார்.

வீட்டு வாசலில் கார் உறுமி நின்றது. சத்தம் கேட்டுப் பூவம்மாள் வந்தாள். உள்ளே சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, கடைசியில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அந்த நாலு எட்டு நடந்து வருகிறவரை மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தபின் முதலாளி அவளை ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் பார்த்திருந்தார். அவள் நடந்து பார்த்ததில்லை.

வலது பக்கத்து ஜன்னலில் முதலாளி முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"மொதலாளி! நீங்களேவா ஓட்டிக்கினு வந்தீங்க?"

காலையிலிருந்து ஊர் முழுக்கக் கேட்ட கேள்விதான். முதலாளி வழக்கமான சிரிப்பைச் சிரித்தார்.

பூவம்மாள் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மட்டும் கும்பிடுவதுபோல் நெஞ்சில் வைத்தாள். "புதுக்காரு வந்தா வுட்டுருவாரு, வூட்டோட வந்துருவேன்னு இவரு சொல்லிக்கினே இருந்தாரு. நான் நம்பல மொதலாளி. பெரியவங்களுக்கு ஆயிரம் வேல, இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போவுதுன்னு நெனச்சேன். நீங்க இவர அனுப்பறதுக்கோசரம் இந்த வயசுல ஓட்டவே கத்துக்கினீங்களே! நல்லா இருக்கணும் மொதலாளி, உங்க குடும்பம் நல்லா இருக்கணும்." அவள் அழுதுவிட்டாள்.

உமாபதியின் கைகள் ஸ்டீரிங்கில் இருந்தன. அவள் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது. தெரிந்துவிடுமோ என்று அவருக்குப் பயம் வந்தது. சத்தமில்லாமல் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதலாளி அந்தக் கைகளைப் பார்த்தார். சிரிப்பு எப்போது போயிற்று என்று தெரியவில்லை. பின்னாலிருந்து தினேஷ், "இல்ல, அது வந்து..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சும்மா இருடா" என்றார் முதலாளி. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று.

"ஆமா பூவம்மா" என்றார். "கத்துக்கினேன்."

பிறகு உமாபதியின் பக்கம் திரும்பாமலே, "எறங்குப்பா" என்றார்.

உமாபதிக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

"எறங்குன்னு சொல்றேன் இல்ல? நாளைக்கி வந்து அம்பாசிடர எடுத்துக்கினு போ." கொஞ்சம் நிறுத்தி யோசித்தார். "நாளைக்கி வேணாம். வியாழக்கிழம தெக்கே சூலம். வெள்ளிக்கிழம வா."

"சரி மொதலாளி."

உமாபதி இறங்கினார். தினேஷ் அவர் இடத்தில் வந்து உட்கார்ந்தான். சாவி வண்டியிலேயே இருந்தது. பழக்கத்தில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்த உமாபதியின் கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பூவம்மாளுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. முதலாளி வலது பக்கம், மகன் இடது பக்கம்.

"மெதுவா போ. நான் சொன்னப்புறம்தான் திரும்பணும்" என்று முதலாளி மகனிடம் அடக்கிய குரலில் சொல்வது கேட்டது. கார் நகர்ந்தது. முதலாளியின் முழங்கை இப்போது வெளியே இல்லை. கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருக்கோடி வேகத்தடையில் வண்டியின் வயிறு கரகரவென்று தேய்ந்தது. உமாபதியின் வலதுகால் தானாக மண்ணை அழுத்தியது. அழுத்திய பிறகுதான், இனி அது தன் பாடு இல்லை என்று அவருக்கு உறைத்தது. காலைத் தளர்த்தினார். இருபது வருஷத்து அலுப்பும் அந்த ஒரு காலில் வந்து சேர்ந்தது மாதிரி இருந்தது. அப்படியே படியில், அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"மொதலாளி நல்லா ஓட்டறாரு, இல்ல?" என்றாள் பூவம்மாள். நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் ஓட்டறாரு" என்றார் உமாபதி.